இங்கிலாந்துக் கிராமத்துக் கோவில்: உள்ளே நுழைந்தவர்கள் கேட்ட கேள்விகள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களை, லண்டனைச் சுற்றிக் காட்டிய பிறகு, ஏதாவதொரு கிராமத்துப் பழைய கிறிஸ்தவக் கோவிலுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். "இங்கே என்ன இருக்கப்போகிறது?" என்று காரில் முணுமுணுப்பார்கள். உள்ளே போனதும் கேள்வி மேல் கேள்வி வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதிவைத்தேன்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன். அதனால் கோவில், பீடம், பூசை, சுரூபம் (சிலை) என்ற சொற்கள்தான் வாயில் வருகின்றன. 1530கள் வரை இங்கிலாந்தும் ரோமாபுரியோடு இருந்த நாடு என்பதால் அவை இந்தக் கட்டடங்களுக்குப் பொருந்தவும் செய்கின்றன. அதன் பிறகு இங்கிலாந்துத் திருச்சபை தனியாகப் பிரிந்தது; சீர்திருத்தத்தில் சுரூபங்களும் பூசையும் படிப்படியாகப் போயின.

பூட்டியிருக்காதா? யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமா?

பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும். கட்டணம் கிடையாது. பூட்டியிருந்தால், சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்று முன்மண்டபத்துப் பலகையில் எழுதியிருப்பார்கள். பூட்டியிருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன் கதவிலுள்ள இரும்பு வளையத்தை முழுவதுமாகத் திருப்பி, தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். ஓக் கதவு கனமானது. திறந்திருந்த கோவிலைப் பூட்டியிருப்பதாக நினைத்துத் திரும்பி வந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேர்.

இதுவும் கதீட்ரலும் ஒன்றுதானே? இது சின்னது, அது பெரியது, அவ்வளவுதானே?

இல்லை. கதீட்ரல் என்பது ஆயரின் நாற்காலி இருக்கும் கோவில். அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் இப்போது நிற்பது பங்குக் கோவில். பங்கு என்பது எல்லை வகுத்த ஒரு நிலப்பரப்பு. அதற்குள் குடியிருந்த ஒவ்வொருவரும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் அங்கேதான் நடக்கும். இந்த எல்லைகள் 12ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டன.

எந்தப் பக்கம் முன்பக்கம்? எதை எங்கே பார்ப்பது?

மேற்கிலிருந்து கிழக்காக நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு முனையில் மணிக்கோபுரம். அதை ஒட்டி மக்கள் கூடும் நடுக்கூடம். இதை இங்கே நேவ் என்கிறார்கள். அதன் கிழக்கே ஒரு பெரிய வளைவு. வளைவுக்கு அப்பால் கொஞ்சம் ஒடுங்கலாக, பெரும்பாலும் கூரை தாழ்வாக, ஒரு பகுதி இருக்கும். அது சான்சல், பீடம் இருக்கும் இடம். வாசல் பெரும்பாலும் தெற்குச் சுவரில், ஒரு முன்மண்டபத்தோடு. ஊர் பெருத்தபோது நடுக்கூடத்தின் பக்கச்சுவரைக் குடைந்து தூண் வரிசை வைத்து, பக்கக் கூடங்களைச் சேர்த்தார்கள்.

முன்மண்டபத்தைத் தாண்டிப்போய்விடாதீர்கள். கல்யாணத்தின் முதற்பகுதி கோவில் வாசலில்தான் நடந்தது. பிறகுதான் மணமக்கள் பூசைக்கு உள்ளே போனார்கள். கதவருகே உடைந்த கல் கிண்ணம் ஒன்று சுவரில் பதிந்திருந்தால், அது தீர்த்தத் தொட்டி.

எந்த நூற்றாண்டு என்று கேட்டால் ஏன் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

நேரான பதில் இல்லாததால்தான். ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டிமுடித்த கிராமத்துக் கோவில் மிக அரிது. சுவர் ஒரு காலம், ஜன்னல் ஒரு காலம், கோபுரம் ஒரு காலம், கூரை இன்னொரு காலம். ஆகவே கட்டடம் முழுவதற்கும் ஒரு வயது கேட்காமல், இந்த ஜன்னலுக்கு என்ன வயது என்று கேளுங்கள்.

ஜன்னலின் வயதை அறிய ஒரு சுருக்குவழி உண்டு. அரைவட்டத் தலையும் தடித்த சுவரும் இருந்தால் நார்மன் காலம், அதாவது நார்மன்கள் நாட்டைப் பிடித்த 1066க்குப் பிறகு ஏறத்தாழ 1190 வரை. கூர்ந்த முனையோடு ஈட்டி போல ஒல்லியாக இருந்தால் 13ஆம் நூற்றாண்டு. தலைப்பகுதியில் கல் கொடிபோல வளைந்து பின்னியிருந்தால் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியை ஒட்டியது. ஜன்னல் அகலமாகி, கற்கள் கீழிருந்து மேலாக நேர்க்கோட்டில் ஓடினால் 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 16ஆம் நூற்றாண்டு வரை. இந்த நான்கு பிரிவுகளுக்கும் இன்று வழங்கும் பெயர்களைப் பரப்பியவர் தாமஸ் ரிக்மன், 1817இல். கட்டியவர்கள் யாரும் "நாங்கள் நார்மன் பாணியில் கட்டுகிறோம்" என்று நினைத்ததில்லை.

1066க்கு முந்தைய சாக்சன் கோவில்கள் சிலவும் நிற்கின்றன. டர்ஹம் மாவட்டத்து எஸ்கோம்ப் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்கத்திலிருந்த பின்செஸ்டர் ரோமக் கோட்டையின் கற்களைப் பெயர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ரோமப் படையின் ஆறாம் லீஜியன் பெயர் செதுக்கிய கல் ஒன்று அதன் வெளிச்சுவரில் தலைகீழாக இருக்கிறது. கொத்தனாருக்கு லத்தீன் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலைப்படவில்லை.

ஒரு ஊரில் பொன்னிறக் கல், இன்னொரு ஊரில் உருண்டைக் கூழாங்கல். ஏன் இப்படி?

கல்லை விலை கொடுத்து வாங்குவதைவிட அதை ஏற்றிவர ஆகும் செலவு பெரிது. அதனால் காலடியில் கிடைத்ததை வைத்தே கட்டினார்கள். காட்ஸ்வோல்டு பகுதியில் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். நார்ஃபோக், சஃபோக் பக்கம் வெட்டுக்கல்லே இல்லை. வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கல்லைச் சாந்தில் பதித்தார்கள். எசெக்ஸின் கிரீன்ஸ்டெட்டில் நடுக்கூடத்துச் சுவரே பிளந்த ஓக் மரத்துண்டுகளை வரிசையாக நிறுத்தியதுதான். அந்த மரங்கள் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்டவை என்று மர வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள்.

நாட்டின் கிழக்குப் பகுதியில் வட்டக் கோபுரங்களையும் பார்ப்பீர்கள். நாட்டில் இருப்பவை சுமார் 180, பெரும்பாலானவை நார்ஃபோக்கில். மூலை கட்ட வெட்டுக்கல் வேண்டும், வட்டத்துக்கு மூலை இல்லை, அதனால்தான் வட்டம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அதே கோவிலின் நடுக்கூடத்துக்கு நான்கு மூலை இருக்கிறதே!

சின்ன ஊர். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. பீடப்பகுதியைப் பராமரிப்பது தசமபாகத்தை வாங்கும் ரெக்டரின் கடமை. நடுக்கூடம் ஊராரின் கடமை. அதனால்தான் பல கோவில்களில் நடுக்கூடம் உயர்ந்து, ஜன்னல் பெருத்து, கொழித்து நிற்க, பீடப்பகுதி பழைய குட்டைக் கூரையோடு கிடக்கிறது. ஊரார் செலவழித்தார்கள், ரெக்டர் செலவழிக்கவில்லை என்று சுவரே சொல்லிவிடும். பல இடங்களில் ரெக்டர் என்பது தொலைவிலிருந்த ஒரு மடம்; வருமானம் அங்கே போகும், ஊரில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு குருவானவர் இருப்பார்.

ஊராரின் பங்கை இரண்டு கோவில் நிர்வாகிகள் திரட்டினார்கள். கோவில் பெயரில் பீர் காய்ச்சி, விருந்து வைத்து, விற்று வரும் காசு முக்கிய வருமானம். டெவனில் மோர்பாத் என்ற சிற்றூரின் கணக்குகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1520 முதல் 1574 வரை அங்கே குருவானவராக இருந்த கிறிஸ்டோபர் டிரைக்கே எழுதியவை. அங்கே புனிதர்கள் பெயரில் ஆட்டுக்கிடையே இருந்தது. ஒவ்வொரு ஆடும் யார் வீட்டில் மேய்கிறது, கம்பளி என்ன விலைக்குப் போனது என்று ஞாயிற்றுக்கிழமையில் சபைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பழைய ரெக்டர் கடமை இன்னும் சாகவில்லை. தசமபாக நிலங்கள் கைமாறி தனியாரிடம் வந்தபோது, பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாரிக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோ கோவில் வழக்கில், நிலத்தின் இன்றைய உரிமையாளர்கள்தான் செலவை ஏற்க வேண்டும் என்று 2003இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புக் கூறியது. இங்கே கிராமத்தில் வீடு வாங்குபவர்களிடம் வக்கீல் இதைப் பற்றி எச்சரிப்பார்; சிரிக்காதீர்கள்.

கோவில் ஏன் பள்ளத்தில் இறங்கிக் கிடக்கிறது?

கோவில் இறங்கவில்லை, சுற்றியுள்ள நிலம் ஏறிவிட்டது. எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளாக ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தால் மண் உயரத்தானே செய்யும்.

ஞானஸ்நானத் தொட்டியை ஏன் பீடத்தருகே வைக்காமல் வாசலருகே வைத்திருக்கிறார்கள்?

ஞானஸ்நானம் என்பது சபைக்குள் நுழைவது. நுழைவு நடக்கும் இடத்தில் தொட்டி. கோவிலின் எல்லாப் பொருள்களிலும் தொட்டிதான் பெரும்பாலும் மூத்தது. கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் தாத்தாவுக்கு நீர் ஊற்றிய தொட்டியை எறிய யாருக்கும் மனம் வருவதில்லை. வட்டமான பீப்பாய் வடிவமும் முரட்டுச் செதுக்கலும் இருந்தால் பெரும்பாலும் நார்மன் காலத்தது. ஹெரெஃபோர்டுஷயரில் எர்டிஸ்லி என்ற ஊரின் தொட்டியில் இரண்டு வீரர்கள் சண்டையிடுகிறார்கள், பக்கத்தில் பெரிய சிங்கம். 12ஆம் நூற்றாண்டுக் கைவண்ணம். எண்கோணமாக இருந்தால் பெரும்பாலும் பிந்தையது. நாட்டின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ நாற்பது எண்கோணத் தொட்டிகளில் ஏழு முகத்தில், ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற ஏழு தேவதிரவிய அனுமானங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எட்டாவது முகத்துக்குப் பெரும்பாலும் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசு) அல்லது ஆண்டவரின் ஞானஸ்நானம்.

விளிம்பைத் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் பெயர்ந்திருக்கும், அல்லது ஈயம் அடைத்திருக்கும். பூட்டு மாட்டிய இரும்புக் கொண்டியின் தழும்பு அது. மந்திரித்த தண்ணீரைத் திருடிப்போய் மாய வித்தைக்குப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்தில், தொட்டியை மூடிப் பூட்ட வேண்டும் என்று 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் கட்டளையிட்டார். மூடி என்ற பெயரில் பிற்காலத்தில் கோபுரமே எழுப்பினார்கள்; சஃபோக்கின் அஃபர்டில் உள்ள மர மூடி 18 அடி உயரம்.

பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் கை கழுவும் தொட்டி போல ஒரு குழி. அது என்ன?

பெயர் பிசினா. ஏறத்தாழக் கை கழுவும் தொட்டியேதான், ஆனால் அதன் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. குருவானவர் விரலையும் பாத்திரத்தையும் கழுவிய நீரில் நற்கருணையின், அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பத்தின், துகள் இருக்கலாம். அது மிதிபடும் இடத்தில் கொட்டக் கூடாது. ஆகவே குழியின் நடுவே துளை போட்டு, சுவருக்குள்ளேயே இறக்கி, அர்ச்சிக்கப்பட்ட மண்ணில் கலக்கவிட்டார்கள்.

அதையடுத்துப் படிப்படியாக மூன்று கல் இருக்கைகள் இருந்தால், அவை பூசை நடத்துபவருக்கும் இரண்டு துணைவர்களுக்கும். சிற்றூரில் ஒரே ஒரு குருவானவர்தான் இருந்திருப்பார். மீதி இரண்டும் கௌரவத்துக்கு. எதிரே வடக்குச் சுவரில் கதவில்லாத சின்ன அலமாரி, பூசைப் பாத்திரம் வைக்க. அதே பக்கத்தில் கல்லறை போன்ற மாடம் இருந்தால் நின்று பாருங்கள். பெரிய வெள்ளியன்று நற்கருணையையும் சிலுவையையும் உள்ளே வைத்து மூடி, ஈஸ்டர் காலைவரை மெழுகுவர்த்தியோடு ஊரார் காவல் இருந்த இடம் அது. பெரும்பாலான ஊர்களில் இது வெறும் மரச்சட்டம்தான், ஆகவே அழிந்துவிட்டது. லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனிலும் நாட்டிங்கம்ஷயரின் ஹாட்டனிலும் 14ஆம் நூற்றாண்டுக் கல் மாடங்கள் இருக்கின்றன. அடியில் காவல் வீரர்கள் தூங்குகிறார்கள்.

இதில் ஒரு துப்பும் இருக்கிறது. பக்கக் கூடத்தின் வெற்றுச் சுவரில் தனியாக ஒரு பிசினா தென்பட்டால், அங்கே ஒரு காலத்தில் இன்னொரு பீடம் இருந்தது என்று பொருள். இன்று அங்கே பூச்செண்டுப் பாத்திரங்களும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கியிருப்பார்கள். பீடம் எங்கே என்றால், தரையைப் பாருங்கள். ஐந்து சிறு சிலுவை வெட்டிய நீண்ட கல் நடைபாதையில் கிடந்தால், அதுதான் பழைய பீடப்பலகை. 1550இல் கல் பீடங்களை அகற்றச் சொல்லி ஆணை வந்தபோது பல ஊர்களில் அதையே தரையில் பாவிவிட்டார்கள்.

எல்லாம் வெள்ளைச் சுவர். நம் ஊர்க் கோவில் போல வண்ணமே கிடையாதா?

இருந்தது, கண்ணைப் பறிக்கும் அளவுக்கு. சுவர், தூண், கூரை, சுரூபம் எதுவும் வெறுமையாக இல்லை. வாசலுக்கு எதிர்ச் சுவரில் பெரும்பாலும் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபர்; அவரைப் பார்த்த நாளில் துர்மரணம் வராது என்ற நம்பிக்கை. அதனால் கதவைத் திறந்ததுமே தெரியும்படி ஆளுயரத்துக்கு மேல் வரைந்தார்கள். நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையிலுள்ள வளைவின் மேலே, உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் தீர்ப்பிடும் பொதுத்தீர்வைக் காட்சி: ஒருபக்கம் மோட்சம், மறுபக்கம் பேய்கள் கொப்பரையைக் கொதிக்கவிடுகின்றன. சரேயின் சால்டனில் 1200ஐ ஒட்டி வரைந்த ஓவியத்தில் ஆன்மாக்கள் ஏணியில் ஏறுகின்றன, பாதிப்பேர் வழுக்கி விழுகிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் இவற்றின்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருவகையில் அதுவே காப்பாகிவிட்டது. யார்க்ஷயரின் பிக்கரிங்கில் 1852இல் சுண்ணாம்புக்கு அடியில் ஓவியங்கள் வெளிப்பட்டன. அவை சபையின் கவனத்தைச் சிதறடிக்கும் என்று அன்றைய குருவானவர் மறுபடியும் சுண்ணாம்பு அடிக்கவைத்தார்! பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் திறந்தார்கள்.

எனக்குப் பிடித்தது சஃபோக்கின் வென்ஹாஸ்டன் கதை. 1892இல் திருப்பணியின்போது வளைவை அடைத்திருந்த பழைய பலகைகளை வேண்டாம் என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. காலையில் சுண்ணாம்பு கரைந்து, பலகையில் பொதுத்தீர்வை முழுவதும் தெரிந்தது. அந்தப் பலகையின் நடுவே வண்ணம் தீட்டாத மூன்று வெற்று உருவங்கள் இருக்கின்றன: சிலுவை ஒன்று, இருபுறமும் ஆள் வடிவம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நடுவில் மரத்தடுப்பு எதற்கு? மேலே சுவரில் எங்கும் போகாத ஒரு சின்னக் கதவு தொங்குகிறதே, அது என்ன?

இரண்டும் ஒரே கேள்விதான். பீடப்பகுதியை நடுக்கூடத்திலிருந்து பிரிக்கும் கிராதி அது. அதன் தலையில் ஒரு பரண். பரணுக்கு மேலே பெரிய பாடுபட்ட சுரூபம், அதன் இருபுறமும் மாதாவும் அருளப்பரும் (யோவான்). இந்தச் சிலுவைக்கு ஆங்கிலத்தில் ரூட் என்று பெயர். அதனால் தடுப்புக்கும் அந்தப் பெயரே. பரணில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஏறுவதற்குச் சுவருக்குள் சுருள்படி. நீங்கள் பார்க்கும் அந்தரத்துக் கதவு, அந்தப் படி பரணில் வந்து சேர்ந்த வாசல்.

வென்ஹாஸ்டன் பலகையின் வெற்று உருவங்கள் இப்போது விளங்கும். ஓவியத்துக்கு முன்னால் மரச் சுரூபங்கள் நின்றன. சுரூபம் மறைக்கும் இடத்தில் வண்ணத்தை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டார்கள். சுரூபங்கள் போய்விட்டன, அவற்றின் நிழல் மட்டும் நிற்கிறது.

எட்டாம் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில், சீர்திருத்தம் தீவிரமானபோது, சுரூபங்கள் இறங்கின, கத்தோலிக்கரான மேரி அரசி 1553க்குப் பிறகு திரும்ப ஏற்றினார், எலிசபெத் வந்ததும் மறுபடி இறங்கின. 1561இல் பரண்களை இடிக்க ஆணை. தடுப்பை மட்டும் விட்டுவைக்கலாம் என்றது. அதனால்தான் தடுப்புகள் பல இருக்கின்றன, பரண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. யார்க்ஷயர் மலைப்பள்ளத்தாக்கில் ஹபர்ஹோம் கோவிலில் 1558 என்று தேதியிட்ட பரண் இன்னும் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்ச் சரிபார்க்க யாருக்கும் பொறுமை இருந்திருக்காது.

படங்களில் முகத்தை மட்டும் ஏன் சுரண்டியிருக்கிறார்கள்? குரோம்வெல் செய்த வேலைதானே?

எந்த குரோம்வெல்? இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடுவது இங்குள்ளவர்களுக்கே வழக்கம். தாமஸ் குரோம்வெல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர், 1530களில். ஆலிவர் குரோம்வெல் அதற்கு நூறு ஆண்டுக்குப் பிந்தைய உள்நாட்டுப் போர்க்காலத்தவர். சிற்றூர்க் கோவில்களின் பெரும் இழப்பு இந்த இருவருக்கும் இடையில், 1547இலிருந்து தொடங்கிய ஆறு ஆண்டுகளில், சிறுவன் எட்வர்டின் ஆட்சியில் நடந்தது. பல இடங்களில் இடித்தவர்கள் வெளியாட்கள் அல்லர். ஆணை வந்தது, ஊராரே கூலி கொடுத்து இறக்கினார்கள். முகத்தையும் கண்ணையும் மட்டும் சுரண்டியது, உருவத்தின் வல்லமையை எடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தால். பலகையை முழுதாக மாற்றுவதைவிட அது மலிவும்கூட.

மோர்பாத் குருவானவரைப் பற்றி மேலே சொன்னேன். மரித்தோர் பூசைக்கு ஒரு கறுப்பு உடுப்பு வாங்க அவர் இருபது ஆண்டுக்கு மேல் சிறுகச் சிறுகச் சேர்த்தார். வாங்கி முடித்தது 1547இல். அடுத்த ஓரிரு ஆண்டில் அந்தப் பூசையே தடையாகிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது இது. எனக்கு உடைந்த சுரூபங்களைவிட அந்த வரி வலிக்கிறது.

இரண்டாவது அலை உள்நாட்டுப் போரின்போது, 1643, 1644இல். வில்லியம் டவ்சிங் என்பவர் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் கோவில் கோவிலாகப் போய் எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பே எழுதினார். அஃபர்டில் நிர்வாகிகள் அவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். தொட்டியைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட 18 அடி மூடியைப் பார்த்து, போப்பாண்டவரின் மும்முடி போலிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். மூடி இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்திலும் இந்த பெஞ்சுகள் இருந்தனவா?

முதலில் இல்லை. தரை வெறுமையாக இருக்கும், நின்றார்கள், மண்டியிட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரம் ஒரு கல் திண்ணை. பெஞ்சுகள் பெருகியது 15ஆம் நூற்றாண்டில். சோமர்செட்டின் பிரெண்ட் நாலில் பெஞ்சுகளின் பக்கப்பலகையைப் பாருங்கள்: மடாதிபதி உடையில் ஒரு நரி வாத்துகளுக்கு முன் நிற்கிறது, அடுத்ததில் அது விலங்கு மாட்டிக் கிடக்கிறது, கடைசியில் வாத்துகள் அதைத் தூக்கில் போடுகின்றன. கதவோடு கூடிய பெட்டி போன்ற பெஞ்சுகள் 17, 18ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. நீளமான பிரசங்கத்துக்குக் காற்றுப் படாமல் உட்கார அவை தோதானவை.

தொழுநோயாளிகளுக்கான ஜன்னல், பேய்க்கதவு, சிலுவைப்போர் வீரரின் குறுக்குக் கால். இவை உண்மையா?

மூன்றும் பொய். பீடப்பகுதியில் தாழ்வாக உள்ள சின்ன ஜன்னல் தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை காண்பதற்கு என்பார்கள். அங்கே நின்று பார்த்தால் பீடம் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஒருமுறை மழையில் நின்று சோதித்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் மரக்கதவு போட்டிருந்ததால், பூசையின் உச்சகட்டத்தில் வயலில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சிறுமணி அடிக்கத்தான் அது என்பது பலர் ஏற்கும் விளக்கம். பக்கக் கூடத்திலிருந்து பீடத்தை நோக்கிச் சுவரைச் சாய்வாகத் துளைத்திருப்பது வேறு, அது பார்ப்பதற்கேதான்.

வடக்குக் கதவை ஞானஸ்நானத்தின்போது பேய் ஓடுவதற்கு என்கிறார்கள். அது சுற்றுப்பிரகாரத்துக்கு, அதாவது கோவிலைச் சுற்றிப் போகும் ஊர்வலத்துக்கு, உதவிய சாதாரண வாசல். சுற்றுப்பிரகாரம் நின்றதும் குளிர் வராமல் அடைத்துவிட்டார்கள். கல்லறைச் சிலை காலைக் குறுக்காகப் போட்டிருந்தால் அவர் சிலுவைப்போருக்குப் போனவர் என்பார்கள். அது 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு ஆண்டு இருந்த சிற்ப மோஸ்தர், அவ்வளவே. வாயிலிருந்து இலை முளைக்கும் முகத்துக்குக் "கிரீன் மேன்" என்ற பெயரும் பழமையானதன்று. 1939இல் ராக்லன் சீமாட்டி ஒரு கட்டுரையில் வைத்தது.

தெற்குச் சுவரில் யாரோ வட்டம் கீறி நடுவில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட்டா?

நிழல் கடிகாரம். ஓட்டையில் குச்சியைச் செருகினால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் பூசை நேரம். வடக்குச் சுவரில் இருந்தால், அந்தக் கல்லைப் பிற்காலத்தில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

கோவில் சுவரில் இப்படி ஆபாசச் சிற்பமா?

கில்பெக்கைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். ஹெரெஃபோர்டுஷயரில் 1140ஐ ஒட்டிக் கட்டிய குட்டிக் கோவில். கூரைக்கு அடியில் சுற்றிலும் எண்பதுக்கு மேற்பட்ட தாங்குகற்கள். நாயும் முயலும் கட்டிக்கொண்டிருக்கின்றன, பக்கத்திலேயே நீங்கள் கேட்கும் அந்த ஆபாசப் பெண் உருவம். காமத்தை எச்சரிக்க, கண்ணேறு கழிக்க, பழைய தாய்த்தெய்வம் என்று ஆளுக்கொரு விளக்கம். செதுக்கியவர் எதையும் எழுதிவைக்கவில்லை. நாயும் முயலும் எந்தப் பாவத்தை எச்சரிக்கின்றன என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி கோவிலும் இந்த வகைதானே?

திருச்சபை அதே திருச்சபை, கட்டடம் வேறு. அது 1680இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்குள் இங்கே பூசை நின்று நூற்றிருபது ஆண்டு ஆகியிருந்தது. ஆகவே கிராதிப் பரணோ பிசினாவோ அங்கே இருந்ததே இல்லை, தேடினால் ஏமாறுவீர்கள். பீரங்கிக் குண்டைத் தாங்கும் கூரை இருக்கிறது. அது இந்தக் கிராமங்களுக்குத் தேவைப்படவில்லை.

நாம் பார்ப்பதில் பாதி விக்டோரியா காலத்துப் போலி என்கிறார்களே?

பாதி என்பது சில ஊர்களுக்குக் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ எல்லாக் கோவில்களிலும் திருப்பணி நடந்தது. கூரை ஒழுகியது, சுவர் சாய்ந்தது. செய்யாவிட்டால் பல கோவில்கள் விழுந்திருக்கும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் "உண்மையான" பாணி 14ஆம் நூற்றாண்டுப் பாணிதான் என்று முடிவுகட்டி, பிந்தையவற்றை எல்லாம் பெயர்த்துவிட்டு, இல்லாததைப் புதிதாகச் செய்து வைத்தார்கள். ஜன்னலை வைத்து வயது சொல்லும் சுருக்குவழி அதனால்தான் சில இடத்தில் காலை வாரும். விளிம்பு கத்திபோலக் கூராக, எல்லாக் கல்லும் ஒரே வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உட்சுவரில் பூச்சே இல்லாமல் கரடுமுரடான கல் தெரிந்தால், "ஆகா, எவ்வளவு பழமை" என்று மயங்க வேண்டாம். பழையவர்கள் பூசித்தான் வைத்தார்கள். உரித்தவர்கள் விக்டோரியர்கள், பூச்சோடு ஓவியமும் போயிற்று.

இதற்கு எதிராக, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். ஒழுகலை அடை, சுவரைத் தாங்கு, மற்றதைத் தொடாதே என்பது அவர்கள் கொள்கை.

ஒரே ஒரு கோவில் பார்க்கத்தான் நேரம் என்றால் எதற்குப் போவது?

கில்பெக் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இங்கிள்ஷம் என்பேன். வில்ட்ஷயரின் வட எல்லையில், லெச்லேடுக்குத் தெற்கே, தேம்ஸ் இன்னும் ஓடை அளவாக இருக்கும் இடம். மாரிஸ் பக்கத்துக் கெல்ம்ஸ்காட்டில் குடியிருந்தவர். அவர் முன்நின்றதால் அந்தக் கோவில் விக்டோரியர்களின் கைக்குத் தப்பியது. 13ஆம் நூற்றாண்டுத் தூண்கள், இடைக்கால மரத்தடுப்புகள், கோணல்மாணலான பெட்டி பெஞ்சுகள், ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு, சுண்ணாம்பின் மேல் வேதவசனம், அதன் மேல் இன்னொரு வசனம். எதையும் யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. உள்ளே ஒரு சாக்சன் காலத்து மாதா சிற்பம் இருக்கிறது. குழந்தை மடியில், மேலிருந்து கடவுளின் கை நீள்கிறது. அது நெடுங்காலம் வெளிச்சுவரில் இருந்தது. வெயில் படும் கல்லாயிற்றே என்று யாரோ அதிலேயே நிழல் கடிகாரத்தைக் கீறியிருக்கிறார்கள்.

கைவிளக்கு ஒன்று கொண்டுபோங்கள். சுவரோடு பக்கவாட்டில் ஒளியைப் பிடித்தால் எழுத்து தெரியும். வெளியே வரும்போது கதவை இழுத்துச் சாத்துங்கள். இல்லாவிட்டால் குருவி உள்ளே புகுந்து, வழி தெரியாமல் செத்துப்போகும்.